பவுடர் என்று எழுதிய எட்டுச் சீட்டுகள்

போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த பெண். மார்பகப் பரிசோதனை வண்டியில் இப்போது அவள்தான் எக்ஸ்ரே எடுக்கிறாள். குசலம் விசாரிக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் என் முழங்கால் வலியை ஆரம்பித்தேன். அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், இனிமே சீட்டு கிடையாதுங்க. பேரு, வயசு எல்லாமே டேப்லெட்லதான். நீங்க கடைசியில எழுதுவீங்கல்லங்க, குறிப்புன்னு ஒரு கட்டம், அதை எடுத்துட்டாங்க. யாரும் எழுதறதில்லைங்கறாங்க. வேணும்னா காரணம் சொல்லுங்கன்னு கேக்கறாங்க. நான் என்னங்க மேடம் சொல்றது?"

அரை மணி நேரம் பேசினேன். அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், எனக்குப் போனில் கோர்வையாக வராது. எப்போதும் நடுவில் ஆரம்பித்து முன்னால் போய்விடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். பெயர் வசந்தாமணி. இரண்டு வருஷப் படிப்பு, அதற்கு மேல் ஆறு மாதப் பயிற்சி. பயிற்சியில் பாதி நாள் ஃபிலிம் கழுவியதிலும் மீதி நாள் திட்டு வாங்கியதிலும் போயிற்று. பிறகு பீளமேட்டில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மில்லில் கை மாட்டிக்கொண்டவர்களையும் பைக்கில் விழுந்து எழுந்த கல்லூரிப் பிள்ளைகளையும் வருஷக்கணக்காகப் படம் எடுத்தேன். அந்த ஆஸ்பத்திரிதான் கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு இலவசமாக மார்பகப் பரிசோதனை செய்ய ஒரு வண்டி வாங்கியது. வண்டிக்குப் பெண் டெக்னீஷியன்தான் வேண்டும் என்றார்கள். இருந்தது நான் ஒருத்தி. அதனால் தகுதியும் எனக்கே வந்து சேர்ந்தது.

வண்டி ஒரு மினி பஸ் அளவு இருக்கும். முன்பக்கம் பெயர் எழுத ஒரு சின்ன மேஜை, நடுவில் பச்சைத் திரை, பின்பக்கம் மெஷின். டிரைவர் சுப்பண்ணன், வண்டியை நிறுத்திய கையோடு பேப்பரை எடுத்துக்கொண்டு நூறடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். "உள்ள ஆம்பளைங்க இருக்கறாங்களா?" என்று கேட்கிறவர்களுக்கு அந்த முதுகுதான் பதில். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் வண்டிப் படியில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறப்போம். அவர் வீட்டுக் கொள்ளுப் பருப்பு மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. இப்போது நினைத்தாலும் பசிக்கிறது.

முதல் நாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம், மறுநாள் வண்டியோடு போவோம். நாற்பது வயது தாண்டியவர்கள் வர வேண்டும், வலி இருக்காது, கொஞ்சம் அமுக்கும், ஐந்து நிமிஷ வேலை என்று நான் ஒப்பிப்பேன். வரும் பதில்களும் எனக்கு மனப்பாடம். "நல்லாத்தானுங்க இருக்கறேன், எதுக்குங்க?" "ஒரு நா வேலை போயிருமுங்க." "எதையாச்சும் கண்டுபுடிச்சுப்போட்டீங்கன்னா அப்புறம் என்ன பண்றதுங்க?" முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்கு ரொம்ப நாள் இல்லை.

படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவர் டாக்டர் ரங்கநாயகி. அவரைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. அந்தக் காலத்தில் ஃபிலிம்தான். வண்டியில் எடுத்ததை மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி டார்க் ரூமில் கழுவி, காய வைத்து, சீட்டுகளோடு அவர் மேஜையில் வைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முகம் குப்புற வைப்பார். பழைய கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைப்பார். பிறகு சீட்டைப் பார்த்துப் பெயரை வாய்விட்டுச் சொல்வார். "மயிலாத்தாள், நாப்பத்தேழு, மதுக்கரை." அதற்குப் பிறகுதான் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டுவார். பெயர் சொல்லாமல் ஒரு படத்தையும் அவர் பார்த்து நான் கண்டதில்லை. சத்தம் போட்டுத் திட்டியும் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பார், வீட்டுக்குப் போன பிறகும் அது காதில் இருக்கும்.

படம் எடுக்கும்போது கழுத்திலிருந்து எதுவும் குறுக்கே வரக் கூடாது. ஆஸ்பத்திரியில் என்றால் "செயினைக் கழட்டுங்க" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். வண்டியில் அதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் படியில் ஆள் இருக்காது. தாலியைக் கழற்றச் சொல்ல நான் யார்? அதனால் கொடியை முதுகுப் பக்கம் திருப்பி, இரண்டு துண்டு பிளாஸ்டரால் ஒட்டிவிடுவேன். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு தடவை ஒரு அம்மாவுக்கு எடுக்க மறந்து அப்படியே அனுப்பிவிட்டேன். வீட்டில் போய்க் குனிந்தபோது அவருடைய மாமியார் கண்ணுக்கு வெறும் கழுத்து தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருவே வண்டியைச் சூழ்ந்துகொண்டது. சுப்பண்ணன் போய்ப் பேசித்தான் என்னை மீட்டார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பிளாஸ்டர் ஒட்டினால் சீட்டின் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவேன், எடுத்ததும் அதன் மேல் குறுக்கே இன்னொரு கோடு. கூட்டல் குறி ஆனால்தான் அந்த அம்மா படி இறங்கலாம். இந்தக் கூட்டல் குறி பின்னால் வரும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை பவுடர். தோலில் பூசிய பவுடர் சில நேரம் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்துவிடும். மார்பகத்துக்குள் புற்றுநோய் ஆரம்பிக்கும்போதும் சிலருக்கு அதே மாதிரி, உப்புத் தூவியதுபோல, பொடிப் புள்ளிகளாகத்தான் தெரியும். கையில் ஒன்றும் தட்டுப்படாத காலத்திலேயே அதைப் பிடித்துவிடலாம் என்பதற்குத்தான் வண்டி, மெஷின் எல்லாம். ஆகவே படம் எடுக்கும் முன் ஈரத் துண்டால் துடைத்துவிட வேண்டும் என்பது விதி.

மதுக்கரைக்கு முதல் தடவை போனபோது அந்த விதிப்படிதான் நடந்தேன். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்கள் இருக்கும் ஒரு காலனி. முனையில் சரோஜா என்பவர் இட்லிக் கடை வைத்திருந்தார். காலனியில் பாதிப் பேருக்கு அவருடைய போன் நம்பர்தான் நம்பர். அவர் வந்தால் எல்லாரும் வருவார்கள். முதல் ஆளாகப் படியேறியதும் அவர்தான். குளித்து, வெளுத்த சேலை கட்டி, கழுத்திலிருந்து அக்குள் வரை சந்தனப் பவுடர் மணக்க மணக்க வந்து நின்றார். நான் ஈரத் துண்டை நீட்டி, "நல்லா துடைச்சுட்டு வாங்க" என்றேன். எனக்கு அது தினமும் சொல்லும் வார்த்தை. அவர் துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நாங்க குளிக்காம வந்திருக்கறமுங்களா?"

"அதுக்கில்லைங்க, பவுடர் இருந்தா படத்துல..."

"வெடியால எந்திரிச்சு, கொழாயில வரிசை நின்னு தண்ணி புடிச்சு, தேச்சுக் குளிச்சுப்போட்டு வாரோம். எங்க மேல அழுக்கு இருக்குதுன்னா நேராச் சொல்லிப்போடுங்க. துண்டெல்லாம் எதுக்குங்க?"

இறங்கிப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வரிசையும் போய்விட்டது. அன்றைக்கு நான் எடுத்தது மூன்றே மூன்று பேருக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் டாக்டரிடம், "படிக்காதவங்க டாக்டர், சொன்னாலும் புரியறதில்லைங்க" என்று பொரிந்தேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்தம்மாக்கள் வேலை செய்யற வீடுங்கள்ல அவங்களுக்குத் தனி டம்ளர் இருக்கும், தெரியுமுங்களா வசந்தாமணி? நீங்க துண்டை நீட்டினதும் அவங்களுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்?"

அதற்கு அடுத்த மாதம் பஸ் பிடித்து மதுக்கரைக்குத் தனியாகப் போனேன். மன்னிப்புக் கேட்பதெல்லாம் எனக்கு அவ்வளவு சுலபமாக வராது. சரோஜா கடையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சட்னி நன்றாக இருக்கிறது என்றேன். இன்னும் இரண்டு சாப்பிட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி, வரச்சொல்லுங்க உங்க வண்டிய. துண்டு கிண்டு நீட்டப்படாது" என்றார். நானும் தலையாட்டினேன். கூட்டம் கலைந்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான். துடைக்காமல் எடுக்கப் போகிறேன் என்று டாக்டரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை வண்டி போனபோது காலனியே திரண்டு வந்தது. எல்லாரும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி பூவும் பவுடருமாக இருந்தார்கள். வண்டிக்குள் சந்தன வாசனையில் எனக்குத் தும்மல் வந்தது. கடைசியாக வந்தவர் எஸ்தர். நாற்பத்தாறு வயது, கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். வேலையிலிருந்து நேராக வந்து, சரோஜா வீட்டுக் குழாயடியில் முகம் கழுவியிருந்தார். வெறும் நெற்றி, வெறும் காது, வெறும் கழுத்து. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவர், அங்கே பூ, பொட்டு, நகை எதுவும் கிடையாது என்று பக்கத்தில் நின்ற பெண்கள் சொன்னார்கள். "எஸ்தரு, இன்னைக்காச்சும் ஒரு சிட்டிகை பூசிட்டு வந்திருக்கலாமல்லோ" என்று கேலி செய்தார்கள். "கர்த்தர் குடுத்த மூஞ்சிக்கு மேல பூச்சு வேல எதுக்குங்க? அதான் நாள் பூராச் செவுத்துக்குப் பாக்கறமே" என்றார் எஸ்தர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மறுநாள் ஃபிலிம்களைக் கழுவி மாட்டியபோது எட்டுப் பேருடைய படங்களில் வெள்ளைப் புள்ளிகள். துடைக்காமல் எடுத்தால் வேறென்ன வரும் என்று என்னையே திட்டிக்கொண்டு, எட்டுச் சீட்டுகளையும் வரிசையாக வைத்து, குறிப்புக் கட்டத்தில் பவுடர், பவுடர் என்று ஒரே மூச்சில் எழுதினேன். பெயர்களைப் பார்க்கவில்லை. டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பவுடரா?"

"ஆமாங்க டாக்டர். துடைக்கச் சொல்லலைங்க. சொன்னா போயிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

எட்டுச் சீட்டுகளையும் தனியாக எடுத்து வைத்தார். "அடுத்த மாசமே வண்டிய அனுப்பறேன். எட்டு பேருக்கும் திரும்ப எடுங்க. துடைக்கறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சுட்டுப் போங்க" என்றார்.

வழி கண்டுபிடித்தது நான் இல்லை, சரோஜாதான். பவுடர் விழுந்த ஒரு படத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், கடை வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். இந்தப் புள்ளியெல்லாம் பவுடர், இது மறைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் வியாதி தெரியாது என்றேன். இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதைய அன்னிக்கே காட்டியிருந்தீங்கன்னா நானே தொடச்சிருப்பனுங்க. ஆனா ஒண்ணு. தொடச்சுப்போட்டு எண்ணெ வழியற மூஞ்சியோட எப்படிங்க வெளிய வாரது, ஊரே வாசல்ல நிக்கறப்ப? படம் எடுத்த பொறவு பூசிக்கறதுக்கு ஒரு டப்பா வெச்சுப்போடுங்க. ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இவ்வளவுதான் விஷயம். படித்த நாங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வண்டியின் இறங்கும் படிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, ஸ்டிக்கர் பொட்டு அட்டை எல்லாம் வைத்தேன். உள்ளே வரும்போது துடைக்கச் சொன்னால் முணுமுணுப்பு இல்லை, வெளியே போகும்போது கண்ணாடி முன்னால்தான் நெரிசல். என் சர்வீஸில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் அந்தக் கண்ணாடியைத்தான் சொல்வேன்.

ஆனால் அடுத்த மாதம் போக வேண்டிய வண்டி பழுதாகிவிட்டது. மெஷினுக்கு ஏதோ பாகம் வர வேண்டும் என்று நிறுத்திவைத்தார்கள். மறுபடி மதுக்கரைக்குப் போவதற்குள் மூன்று மாதம் ஆகிவிட்டது. எட்டுப் பேரில் ஏழு பேர் வந்தார்கள். துடைத்து எடுத்ததும் ஏழு பேருக்கும் புள்ளியே இல்லை. எஸ்தர் மட்டும் வரவில்லை. கட்டட வேலைக்காகப் பெருந்துறைக்குப் போய்விட்டார், போனில் தகவல் சொல்லியாயிற்று என்றார் சரோஜா. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் ஏழு பெயர்களையும் சொல்லி, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். கடைசியில் பழைய படம் மட்டும் ஒன்று மிச்சம் இருந்தது.

"எஸ்தர், நாப்பத்தாறு, மதுக்கரை."

"அவங்க வரலைங்க டாக்டர். வேலைக்குப் பெருந்துறை போயிட்டாங்க."

அவர் லென்ஸை எடுத்தார். வலது பக்கத்துப் படம் இரண்டையும், மேலிருந்து எடுத்ததையும் பக்கவாட்டில் எடுத்ததையும், மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் ஒரு படத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

"தோல் மேல இருக்கற மாதிரி தெரியலை. ரெண்டு படத்துலயும் உள்ளதான், ஒரே இடத்துல கூட்டமா இருக்கு. இந்தம்மா பவுடர் போட்டிருந்தாங்களா?"

"எல்லாரும் போட்டுட்டுதான் வந்தாங்க டாக்டர்."

"எல்லாரையும் கேக்கலைங்க. இவங்க போட்டிருந்ததை நீங்க பார்த்தீங்களா?"

சீட்டைக் கையில் வாங்கினேன். குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்தில் பவுடர் என்று இருந்தது. மூலையில் கூட்டல் குறி இல்லை. அன்றைக்குப் பிளாஸ்டர் ஒட்டாமல் நான் படம் எடுத்த ஒரே கழுத்து. வெறும் நெற்றியும், குழாயடியில் கழுவிய முகமும், பூச்சு வேலை எதற்கு என்று சொல்லிச் சிரித்ததும் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"இல்லைங்க டாக்டர். அவங்க பவுடரே போடாதவங்க. நான் பார்க்காம எழுதிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. லென்ஸைக் கூட்டில் வைத்து மூடினார். "நான் உங்க எழுத்தை நம்பிட்டேன். படத்தை நம்பியிருக்கணும். பாதி என்னுதுங்க" என்றார். பிறகு, "இன்னைக்கே போங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஈரோடு பஸ்ஸைக் கைகாட்டி ஏறிவிட்டேன். பெருந்துறை வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்தேனே தவிர எதையும் பார்க்கவில்லை. சரோஜாவிடம் போனில் அடையாளம் கேட்டுக்கொண்டு, தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதிக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எஸ்தர் தலையில் சும்மாட்டோடு மணல் சுமந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டியை இறக்கினார்.

"ஏனுங்க, மதுக்கரைக்கு வந்த வண்டிக்காரம்மாதானுங்க நீங்க? இங்க எங்கீங்க?"

"உங்களைப் பார்க்கத்தானுங்க வந்தேன். திரும்ப ஒரு படம் எடுக்கணும். சரோஜா போன்ல சொன்னாங்களாம், நீங்க வரலையே?"

"சொன்னாங்கங்க. பவுடர் போட்டவங்களைத்தான் மறுக்கா கூப்புடறாங்கன்னு சொன்னாங்க. நான்தான் பவுடரே பூசறதில்லீங்களே. கூட்டத்துல என்ற பேரையும் சேத்திச் சொல்லிப்போட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. அதுக்குப் போயி எதுக்கு வேலையக் கெடுத்துக்கறதுன்னு இருந்துட்டேன்."

நான் எழுதிய அந்த ஒரு வார்த்தைதான் அவரை வரவிடாமல் செய்திருக்கிறது. வரும் வழியெல்லாம் அவரிடம் சொல்ல நயமாகப் பல காரணங்களை யோசித்து வைத்திருந்தேன். படம் சரியாக விழவில்லை, மெஷின் கோளாறு, இந்த மாதிரி. ஒன்றும் வாயில் வரவில்லை.

"எஸ்தர், உங்க படத்துல புள்ளி இருந்துச்சுங்க. நீங்க பவுடர் போட்டீங்களான்னு நான் யோசிக்கவே இல்லை. பவுடர்னு எழுதிட்டேன். அது பவுடர் இல்லை. என்னன்னு இன்னும் தெரியாது. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா மூணு மாசம் போனது என்னாலதான். தப்பு என்னுதுங்க."

அவர் கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே நின்றார். கோபப்படுவார், அழுவார் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

"ஆஸ்பத்திரிக்காரங்க தப்பு என்னுதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லீங்க. எப்பவும் எங்களைத்தான் வைவாங்க. ஏன் முன்னாலயே வரல, ஏன் சொல்லலன்னு." கட்டடத்தின் மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, "நாளைக்கு மேல்தளத்துக்குக் காங்கிரீட்டுங்க. சட்டி கை மாத்தற வரிசையில ஒரு ஆளு கொறஞ்சாலும் எல்லாருக்கும் செரமம். நாளன்னிக்கு வாரேனுங்க" என்றார்.

கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. ஆனால் அவருடைய வார்த்தையை நம்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சரி என்று வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை எட்டு மணியிலிருந்து ஆஸ்பத்திரி கேட்டில் நின்றேன். பத்தாயிற்று, பத்தரையாயிற்று, ஈரோட்டிலிருந்து வரும் பஸ் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. வாட்ச்மேன் நாற்காலி கொடுத்தார், உட்கார முடியவில்லை. பதினொரு மணிக்கு எஸ்தர் ரோட்டைக் கடந்து வந்தார். வெயிலில் நின்று நான் அழுததை வாட்ச்மேன் மட்டும்தான் பார்த்தார்.

படம் எடுக்கும் அறையில் நான் எதுவும் சொல்வதற்கு முன் அவரே ஈரத் துண்டைக் கேட்டு வாங்கினார். கழுத்து, மார்பு, அக்குள் எல்லாம் அழுத்தித் துடைத்துவிட்டு, துண்டை விரித்து என்னிடம் காட்டினார். அதில் ஒன்றுமே இல்லை.

"பாத்துக்கிட்டீங்களா? இந்தத் தடவ பாத்து எழுதிப்போடுங்க."

பவுடர் இல்லை, பார்த்தேன் என்று எழுதினேன். ஒருவருடைய சீட்டில் அப்படி நான் எழுதியது அதுதான் முதல் தடவை. படத்தைக் கழுவி எடுத்தபோது புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. ஆரம்ப நிலை. ஆபரேஷன் நடந்தது, கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒன்றரை மாதம் தினமும் வந்து போனார். செலவை ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது. சரோஜா வீட்டில் தங்கியிருந்தார், சாப்பாடும் அங்கேதான்.

அந்த மூன்று மாதத்தால் ஏதாவது கூடிவிட்டதா என்று டாக்டரிடம் ஒரு நாள் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஆசை. "தெரியாதுங்க வசந்தாமணி. தெரியும்னு சொன்னா பொய் சொல்றேன்னு அர்த்தம்" என்றார். பிறகு எனக்கு ஒரே ஒரு உத்தரவு போட்டார். "குறிப்புக் கட்டத்துல கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. நினைக்கறதை நான் நினைச்சுக்கறேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டிலும் எழுதினேன். பவுடர் இல்லை, பார்த்தேன். இடது அக்குளில் மச்சம், பார்த்தேன். பழைய தீக்காயத் தழும்பு, பார்த்தேன். இரண்டு படத்துக்கு நடுவில் இதை எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். வரிசை நீளும், வெயில் ஏறும், சுப்பண்ணனுக்குப் பசிக்கும். எழுதாமல் மட்டும் விட்டதில்லை. டாக்டர் ஓய்வு பெற்றுப் போன பிறகு வந்தவர்கள் அதைப் படித்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

உடம்பு தேறிய பிறகு எஸ்தர் மணல் சுமக்கப் போகவில்லை, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. மதுக்கரைக்கு வண்டி போகும் நாட்களில் லீவு போட்டுவிட்டு வந்து படிக்குப் பக்கத்தில் நிற்பார். கூச்சப்படுகிறவர்களுக்குத் துண்டை நனைத்துக் கொடுப்பார். யாராவது அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பார்கள், கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று. நான் ஆயிரம் வார்த்தை தேடியும் கிடைக்காத பதில் அவரிடம் இருந்தது. "எனக்குக் கண்டுபுடிச்சுப்போட்டாங்க. பாருங்க, நிக்கறனல்லோ" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

வருஷா வருஷம் அவருக்கும் படம் எடுப்பேன். எஸ்தருக்கு எழுதப் படிக்க வராது. எடுத்து முடித்ததும் சேலையைச் சரி செய்துகொண்டு சீட்டுக்கு நேரே விரலை நீட்டுவார். நான் எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவார். இறங்கும்போது கண்ணாடியில் ஒரு தடவை முகம் பார்ப்பார், பவுடரைத் தொட மாட்டார்.

கீர்த்தனா, உன்னிடம் கேட்கிறவர்களுக்கு நீ என்ன காரணம் சொல்வாயோ எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதிவிட்டேன், அப்படியே காட்டு. டேப்லெட்டில் கட்டம் வராவிட்டால் ஒரு நோட்டு வாங்கிக்கொள். அடுத்த மாதம் வண்டி மதுக்கரைக்குப் போகும் என்று கேள்விப்பட்டேன். எஸ்தர் வருவார். எழுதினாயா என்று கேட்பார்.

என் சர்வீஸின் கடைசி நாள் நான் எடுத்த கடைசிப் படமும் அவருடையதுதான். வேண்டுமென்றே கடைசி ஆளாக வந்து நின்றார். துண்டை விரித்துக் காட்டினார், படம் எடுத்தேன், எழுதினேன். கண்ணில் தண்ணீர் முட்டியதால் எழுத்துக் கோணலாகிவிட்டது.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேனுங்க."

"படிங்க."

படித்தேன். "எஸ்தர், மதுக்கரை. பவுடர் இல்லை. பார்த்தேன்."

"செரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.